பக்கத்து இருக்கையின் பிரேக்

பிரேக்கை மிதித்தால் வண்டி நடுங்கியது. காய்ச்சல்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாற்போல் முதலில் ஸ்டியரிங்கில் மட்டும் தெரிந்த அந்த நடுக்கம், நாளடைவில் இருக்கைக்கு இறங்கி, இருக்கையிலிருந்து முதுகெலும்புக்கு ஏறி, இப்போது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காப்பீட்டுச் சீட்டின் ஓரத்தையும் படபடக்கச் செய்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் ஒருத்திக்கு வண்டியின் நடுக்கம் வீட்டின் நடுக்கமேயன்றி வேறில்லை.

அவளைத் தெருவில் எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தனர். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்லள். ஓட்டுநரின் பக்கத்து இருக்கையே அவளுடைய வகுப்பறை. அந்த இருக்கையின் கீழும் ஒரு பிரேக் மிதி இருந்தது. ஒரு கம்பியால் அது ஓட்டுநரின் மிதியோடு இணைக்கப்பட்டிருந்தது. கற்பவர் தவறினால் டீச்சர் மிதிக்கலாம். அவள் மிதித்தால் கற்பவரின் மிதியும் சேர்ந்தே கீழிறங்கும்.

அப்போது அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களுள் ஒருத்தி அவளுடைய நாத்தனார். முப்பதைக் கடந்தும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்ற பெயர் மாறவில்லை. ரொட்டிக்கடையின் பின்கட்டில் மாவு சலித்துப் பிசைவது அவள் வேலை. பறக்கும் மாவு நெஞ்சில் படிந்து படிந்து, படியேறினாலே மூச்சு விசிலடிக்கும் நிலைக்கு அவள் வந்திருந்தாள். மாவறையை விட்டு வெளியேறினாலன்றி மருந்து பயன்தராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ரொட்டிக்கடை முதலாளி இரக்கமுள்ளவர். ஓட்டுநர் உரிமம் வாங்கி வந்தால் ரொட்டி கொண்டுபோகும் வேனை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவள் தேர்வில் இரு முறை தோற்றுவிட்டாள். இரண்டு முறையும் குற்றம் ஒன்றே: பிரேக்கைப் பிந்தி மிதித்தாள். வருகிற வியாழக்கிழமை மூன்றாம் முறை. அதிலும் தோற்றால் வேனை வேறொருவருக்குத் தந்துவிடுவதாக முதலாளி வருத்தத்தோடும் தெளிவாகவும் கூறியிருந்தார்.

தேர்வுக்குப் போக வேண்டிய வண்டியோ இப்படி நடுங்கிக்கொண்டிருந்தது.

பட்டறை நடத்திய மெக்கானிக்குக்கு நெட்டை என்று பெயர். வண்டிக்கு அடியில் படுத்தால் அவருடைய கால்கள் மறுபக்கம் தெருவில் கிடக்கும். அவர் முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவினார்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான் டீச்சர்."

"கடைஞ்சு சமமாக்க முடியாதா அண்ணே?"

"கடையறதுக்கு இரும்பு வேணும்ல? இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஓரத்துலயே அடிச்சிருக்கான் பாருங்க. அதையும் தாண்டிப் போயாச்சு. டிஸ்க்க அமுக்கிப் பிடிக்கற பேடும் பப்படம் மாதிரி இருக்கு." அவர் டிஸ்க்கில் படர்ந்திருந்த நீலத் திட்டுகளைக் காட்டினார். "இது சூட்டுல வந்தது. போன தடவ மாத்தினது நேத்து மாதிரி இருக்கு. நாள் பூரா ஓடற வாடகை வண்டி கூட இவ்ளோ தின்னாது."

"கத்துக்கிறவங்க கால் அண்ணே. ஒருத்தன் மிதிச்சுகிட்டே வருவான், ஒருத்தன் மிதிக்கவே மறந்துருவான். நான் என்ன செய்ய?"

"அதுவும் சரிதான். பின்னாடி, பிரேக் மிதிச்சா எரியற ஸ்டாப் லைட்டும் போயிருக்கு. பல்பு மாட்டற இடமே உருகிக் கிடக்கு. அதுக்கு யார் காலோ." அவர் பல்பைக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு எறிந்தார். "கடைக்குப் போயி டிஸ்க் ஒரு ஜோடி, பேட் ஒரு செட் வாங்கிட்டு வாங்க. ரொம்ப மட்டமாவும் வேணாம், ரொம்ப ஒசத்தியாவும் வேணாம். நடுவுல பாருங்க."

நடுவில் பார்ப்பது என்பது உலகத்தில் மிகக் கடினமான பார்வை. உதிரிபாகக் கடையின் வாசலில் டீச்சர் சற்று நின்றாள். வெளியே காற்று புழுதியை வாரிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த மழை வராமலே இருந்தது. உள்ளே ரப்பர் மணமும் எண்ணெய் மணமும் கலந்து நின்றன.

கடைக்காரரை அந்த வட்டாரத்தில் மணிக்காரர் என்பார்கள். அவர் எந்த டிஸ்க்கையும் வாயால் புகழமாட்டார். அதன் நடுத்துளையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பார்.

முதல் டிஸ்க் நெடுநேரம் ஒலித்தது.

"கேட்டீங்களா டீச்சரம்மா? நல்ல இரும்பு பாடும். இது வண்டி பொறந்தப்போ போட்டிருந்த அதே கம்பெனி."

"விலை?"

"விலையக் கேட்டா நீங்களே பிரேக் போட்டு நின்னுருவீங்க. கேக்காதீங்க."

அடுத்ததாக அவர் எடுத்தது முகமெல்லாம் துளைகளும் கோடுகளுமாகப் பளபளத்தது.

"இது என்னங்கய்யா, சல்லடை மாதிரி?"

"பந்தய வண்டிக்கு. சூடு ஓட்டை வழியா போயிடும். இளவட்டப் பசங்க விரும்பி வாங்கறாங்க, சக்கரத்துக்குள்ள மினுக்குன்னு தெரியுமாம்."

"எங்க வண்டி ஆமைக்கு அக்கா."

"அப்போ உங்களுக்கு இதுல காசுதான் ஓட்டை வழியா போகும்." அவர் அதை மேலே வைத்துவிட்டு, பெயரில்லாத அட்டைப்பெட்டியிலிருந்து மற்றொன்றை எடுத்துத் தட்டினார். அது தும்மினாற்போல் ஒரு சத்தம் செய்து அடங்கியது. "இது மலிவு. கையில வாங்கிப் பாருங்க, கனமே இருக்காது. ரெண்டு தட்டுக்கும் நடுவுல காத்து போற இடம் இருக்கே, அந்த எலும்பெல்லாம் ஒல்லி. நான் விக்கறேன், இல்லேங்கல. உங்களுக்கு விக்கணுமான்னு யோசிக்கறேன்."

டீச்சர் அதைக் கையில் வாங்கினாள், கீழே வைத்தாள், மறுபடி வாங்கினாள். வாசல்வரை போய்ப் புழுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்டாள். விலைக்கு அஞ்சி மட்டமானதை வாங்கினால் பாப்பாவின் தேர்வன்று அது காலை வாரிவிடுமோ என்று ஒரு மனம். உயர்ந்ததை வாங்கினால் அடுத்த மாதம் வீட்டில் அடுப்பு எரியுமா என்று மற்றொரு மனம்.

"டீச்சரம்மா, கீழ என்ன தையல் மெஷினா ஓட்டறீங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலக்கால் கடையின் சிமெண்டுத் தரையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு காலை இழுத்துக்கொண்டாள்.

"பதட்டங்கய்யா. வியாழக்கிழம நாத்தனாருக்கு டெஸ்ட்."

"அப்போ இதப் பாருங்க." அவர் ஓரங்களில் சாம்பல் வண்ணம் பூசிய ஒரு சாதாரண டிஸ்க்கைத் தொங்கவிட்டுத் தட்டினார். கம்பெனிச் சரக்கு அளவுக்கு அது நீட்டிப் பாடவில்லை; எனினும் தெளிவாகப் பாடியது. "ஓட்டையும் கிடையாது, வேஷமும் கிடையாது. துருப் பிடிக்காம ஓரத்துல பூச்சு இருக்கு. தெரு வண்டிக்கு இதுக்கு மேல என்ன வேணும்? பேடுக்கு வாங்க. இரும்புத்தூள் கலந்தது இருக்கு. சூடேறினாத்தான் பிடிக்கும், டிஸ்க்கையும் சேத்துத் தின்னும். உங்க வண்டி வேகம் எடுக்கறதுக்குள்ள தெரு முடிஞ்சுரும். உங்களுக்குக் குளிர்ந்து கிடக்கும்போதே பிடிக்கணும், கத்தக் கூடாது. இந்த செராமிக் சரியா இருக்கும்."

"இது ஏமாத்தாதுல்ல?"

"டிஸ்க்கும் பேடும் ஏமாத்தாதும்மா. அதுங்களுக்கு அவ்ளோ புத்தி கிடையாது."

அவள் அந்த டிஸ்க்கையே வாங்கினாள். வாங்கிய பிறகும் தெருமுனைவரை சென்று, மலிவானதையே வாங்கியிருக்கலாமோ என்று ஒரு கணமும் உயர்ந்ததையே வாங்கியிருக்கலாமோ என்று ஒரு கணமும் நின்றுவிட்டே வீடு சேர்ந்தாள்.

வீட்டின் முன்னறை அவளுடைய கணவனின் தொழிற்கூடம். அவன் செருப்பும் ஷூவும் செப்பனிடுபவன். பசை மணத்தினூடே தோல் துணுக்குகள் பறக்கும் அந்த அறையின் மேசையில், ரொட்டிக்கும் அவித்த முட்டைக்கும் நடுவே டிஸ்க்குகள் இடம் பிடித்தன. பாப்பா ஒரு டிஸ்க்கைத் தூக்க முயன்று, மூச்சு இரைந்து, வைத்துவிட்டாள்.

"இத விட மாவு மூட்டை லேசு அண்ணி."

"தூக்க வேண்டாம், நிறுத்தக் கத்துக்கோ போதும்."

"உங்ககூட உக்காந்தா வண்டி தானா நிக்குது. அந்தத் தேர்வுக்காரர் உக்காந்ததும் வேற வண்டி மாதிரி ஆயிடுது. ஓடிக்கிட்டே இருக்கு."

"அவரு மூஞ்சியப் பாத்துப் பயப்படற. வேறென்ன?"

பாப்பா தட்டை இழுத்துக்கொண்டாள். முட்டை ஓட்டை மெல்ல உரித்தாள்.

கணவன் மனைவியின் வலக்கால் ஷூவைக் கையிலெடுத்துக் கவிழ்த்தான். முன்பாதத்தின் அடித்தோல் தேய்ந்து, வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. இடக்கால் ஷூ புதுமை குன்றாமல் இருந்தது.

"ஊர்ல எல்லாரும் செருப்ப ஜோடியாத் தேய்ப்பாங்க. எம் பொண்டாட்டி மட்டும் ஒத்தக்கால்ல தவம் பண்றா."

"சும்மா தச்சுக் குடுங்க. கூலி கேட்டா வேற கடைக்குப் போயிடுவேன்."

"போ போ. அவனும் கேப்பான், ஒரு கால மட்டும் வச்சு எங்கம்மா நடக்கறேன்னு." சொல்லிக்கொண்டே அவன் புதிய அடித்தோலை வெட்டத் தொடங்கினான். அனைவரும் சிரித்தனர். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

மறுநாள் நெட்டை புதிய டிஸ்க்குகளையும் பேடுகளையும் மாட்டினார். மாட்டி முடித்து, கைகளை மண்ணெண்ணெயில் கழுவியபடி ஓர் எச்சரிக்கையும் தந்தார்.

"புது மருமகளும் மாமியாரும் மாதிரிதான் டீச்சர், டிஸ்க்கும் பேடும். பழகற வரைக்கும் பக்குவமா இருக்கணும். ஆளில்லாத ரோட்டுல நல்லா வேகம் எடுத்து, அழுத்தமா மிதிச்சு வேகத்தக் குறைங்க. ஆனா நிறுத்திறாதீங்க. குறைச்சதும் கால எடுத்து மறுபடி வேகம். இப்படியே சில தடவ. அப்புறம் பிரேக்கத் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்க. சூடா இருக்கறப்போ நிறுத்தி மிதிச்சுப் பிடிச்சுகிட்டு மட்டும் நிக்கவே கூடாது."

கிடங்குகளுக்குப் பின்னால் வளைந்து செல்லும் வெறிச்சோடிய சாலைக்கு அவர்கள் போனார்கள். பாப்பா ஓட்டினாள். காற்று பழைய காகிதங்களை வண்டியின் மீது எறிந்தது. "இப்போ," என்றாள் டீச்சர். வண்டி தலைகுனிந்து வேகம் குறைந்தது, நடுங்கவில்லை. "இப்போ." மீண்டும். டீச்சருக்குக் கண்ணில் நீர் துளிர்க்கும் அளவுக்கு நிம்மதி. அப்போது கிடங்கின் வாயிலிலிருந்து ஒரு சரக்குவண்டி பின்னோக்கி வந்து சாலையை அடைத்துக்கொண்டது. அது திரும்பிச் செல்லும்வரை அவர்கள் அங்கேயே நின்றார்கள். சூடான இரும்பின் வாசனை கண்ணாடி வழியே உள்ளே வந்தது.

"புது சாமான்னா அப்படித்தான் மணக்கும்," என்றாள் டீச்சர்.

திங்கட்கிழமை ஸ்டியரிங்கில் ஒரு சிலிர்ப்பு தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அது நடுக்கமாயிற்று.

டீச்சர் வண்டியை நேராக மணிக்காரரின் கடைவாசலுக்கு விட்டாள். பாப்பா பின்னாலேயே மூச்சிரைக்க இறங்கினாள்.

"ஐயா, நீங்க பாட வச்சுக் காட்டினீங்களே அந்த டிஸ்க்கு, இப்போ ஆடுது."

"பாட்டு நல்லா இருந்தா ஆடத்தான் செய்யும்."

டீச்சர் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. டெஸ்ட் நாளான்னைக்கு. மாத்திக் குடுங்க."

"கழட்டிக் கொண்டாங்க, பாக்கறேன். சரக்குல குத்தம்னா மறுபேச்சு பேசாம மாத்தறேன்."

"நல்லவர் மாதிரி பேசி மட்ட சரக்க என் தலையில கட்டிட்டீங்க."

மணிக்காரரின் முகம் கறுத்தது. "இந்த டிஸ்க்க இந்த மாசம் எத்தனையோ வண்டிக்குக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சொன்னதும் அவருக்கே அது அதிகம் என்று தோன்றியிருக்க வேண்டும்; ஸ்பேனரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். டீச்சர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

நெட்டை சக்கரத்தைக் கழற்றி, வெயிலில் டிஸ்க்கைச் சாய்த்துப் பார்த்தார்.

"இந்தா இருக்கு பாருங்க திட்டு. பேடோட அச்சு அப்படியே விழுந்திருக்கு. சூடா இருக்கறப்போ ஒரே இடத்துல அமுக்கிப் பிடிச்சா, பேடு தன் தோல உரிச்சு அங்க ஒட்ட வச்சிரும். அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் அந்த மேட்டுல ஏறி இறங்கும். அதான் உதறுது."

"டிஸ்க்கு வளையலையா?"

"வளையறதுக்கு இது என்ன வெள்ளரிக்காயா? டிஸ்க்கு நல்ல டிஸ்க்கு." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நின்னப்புறம் கால எடுக்காம வச்சிருந்தது யாரு?"

பாப்பா டீச்சரை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் அண்ணே," என்றாள் பாப்பா. "பயத்துல வச்சிருப்பேன்."

டீச்சருக்கு அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. "எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? கால எடு, கால எடுன்னு சொன்னேனா இல்லையா? குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா, ரெண்டு தடவ தோத்தது போதாதுன்னு இருக்கற வண்டியையும் கெடுத்து வச்சிருக்க. அந்த மனுஷங்கிட்ட போயி நான் வேற சண்ட போட்டுட்டு வந்து நிக்கறேன். உனக்கு அந்த மாவறைதான்னு தலையில எழுதியிருந்தா யாரு மாத்த முடியும்?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். மூச்சு மட்டும் விசிலடித்தது.

நெட்டை, கேட்டும் கேளாதவர்போல், பேடுகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். "மொதல்ல சொன்ன மாதிரி மறுபடி ஓட்டிப் பழக்குங்க. மேடு கரைஞ்சிரும். புதுசு ஒண்ணும் வாங்க வேணாம்," என்றார்.

அந்தி சாய்ந்தபோது வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்கவில்லை. பாப்பா அடுக்களைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். டீச்சர் முன்னறையில் ஷூவைக் கழற்றி மூலையில் வீசினாள். அது கவிழ்ந்து விழுந்தது. பசைக் குடுவையை மூடிக்கொண்டிருந்த கணவன் அதையே பார்த்தான்.

"இது போன வாரம் நான் போட்ட தோலா?"

"வேற யாரு போட்டா?"

"அதுக்குள்ள கோடு விழுந்திருக்கே." அவன் ஷூவை எடுத்து விளக்கருகே கொண்டுபோனான். "நீ நடக்கறதே கிடையாது. நாள் முழுக்க உக்காந்துதான இருக்க? எதுமேல இவ்ளோ நேரம் மிதிக்கற?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. தொழில்முறையில் எழுந்த ஐயமாகவே கேட்டான். டீச்சர் எழுந்தாள். ஷூவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, தன் பிரேக் மிதியின்மேல் அந்த ஷூவை வைத்தாள். மிதியின் ரப்பர் வரிகளும் தோலில் விழுந்திருந்த பள்ளங்களும் பூட்டும் சாவியும்போல் பொருந்தின. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் பொருந்தின.

அந்த மிதியோடு அவளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், முன்னே நின்ற லாரியைப் பார்த்து ஒரு மாணவர் கல்லாய்ச் சமைந்துவிட்டார். அவள் மிதித்ததால் லாரியின் பின்புறம் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அன்றைக்கு அந்த மிதியின்மேல் ஏறிய கால் பின்னர் இறங்கவே இல்லை. அது அமுக்குவது அவளுக்கே தெரியாத அளவுக்கு, கண் இமைப்பதுபோல் அமுக்கிக்கொண்டிருந்தது. நீலம் பாய்ந்த டிஸ்க்கும், உருகிப்போன விளக்கும், கடைத்தரையில் ஓடிய தையல் மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன் வந்து நின்றன. சரக்குவண்டி குறுக்கே நின்ற அந்த நேரத்தில் தன் கால் எங்கே இருந்தது என்பதை அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுக்களையில் பாப்பா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். டீச்சர் எதிரே அமர்ந்தாள்.

"பெடல் தானா எறங்கறது உனக்குத் தெரியும்ல?"

கத்தி நின்றது. "தெரியும்."

"எப்போ இருந்து?"

"மொத நாள்ல இருந்து. நான் மிதிக்கப் போறதுக்கு முன்னாடியே அது கீழ போயிருக்கும். எவ்ளோ அமுக்கினா வண்டி நிக்கும்னு என் காலுக்குத் தெரியவே தெரியாது அண்ணி. தேர்வுக்காரர் பக்கத்துல உக்காந்ததும் அது மேலயே நிக்கும். அப்போதான் மிதிக்கணும்னே ஞாபகம் வரும்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"என்னன்னு சொல்றது? காசு வாங்காம சொல்லித் தர்றீங்க. அண்ணன் வீடு, அண்ணி வண்டி. அதுல உக்காந்துகிட்டு, உங்க கால எடுங்கன்னு நான் சொல்லணுமா?"

"ரெண்டு தடவ தோத்தும் சொல்லல."

"நீங்களே ஒருநாள் எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

"இன்னைக்கு அங்க எதுக்கு நான்தான்னு சொன்ன?"

பாப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், வெங்காயமாகவும் இருக்கலாம். "அவரு முன்னாடி உங்கள விட்டுக் குடுக்க முடியுமா? நீங்க டீச்சரு."

டீச்சர் நெடுநேரம் வெங்காயத் தோலை விரலால் கிழித்துக்கொண்டிருந்தாள். பின் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குடு, நான் அரியறேன். இந்த நெஞ்ச வச்சுகிட்டு இந்தக் காரத்துல ஏன் உக்காந்திருக்க? நாளைக்குக் காலைல போறோம்."

முன்னறையிலிருந்து கணவனின் குரல் மட்டும் வந்தது. "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க."

"நீங்க உங்க ஷூ தைக்கற வேலையப் பாருங்க."

காலையில் காற்று அடங்கியிருந்தது. கிடங்குச் சாலையின் தொடக்கத்தில் டீச்சர் ஷூ இரண்டையும் கழற்றிப் பின்னிருக்கையில் போட்டாள். பின்னர் இரு கால்களையும் தூக்கி இருக்கையின்மீதே சம்மணமிட்டு அமர்ந்தாள். பாப்பா வாய்பொத்திச் சிரித்தாள்.

"ஃபோட்டோ எடுக்க உக்காந்த மாதிரி இருக்கீங்க."

"ரோட்டப் பாரு."

"கைபிரேக் மேல கை எதுக்கு இருக்கு?"

"அது ஆபத்துக்கு."

"அதையும் எடுங்க அண்ணி."

டீச்சர் கையை எடுத்தாள். எடுத்த கைக்குப் போக்கிடம் இல்லாமையால் தன் வலக்காலின் விரல்களையே இறுகப் பற்றிக்கொண்டாள்.

வண்டி வேகமெடுத்தது. "இப்போ," என்றாள். பாப்பாவின் கால் தேடியது. ஒரு நொடி பிந்திப் பாறைபோல் விழுந்தது. இருவரையும் பெல்ட் கடித்தது. வண்டி உதறிற்று. "கால எடு. மறுபடி." இரண்டாம் முறையும் அப்படியே. அடுத்த முறை டீச்சரின் உள்ளங்கால் கொதித்தது. விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. இல்லாத மிதியை மிதித்தன. கிடங்குச் சுவர் எதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. "இப்போ" என்று சொல்ல நினைத்து, நாவைக் கடித்துச் சொல்லாமல் விட்டாள்.

வண்டி தானாக நிற்கவில்லை. பாப்பா குறைத்தாள். முதலில் மெல்ல, பின்னர் அழுத்தி, பின்னர் தளர்த்தி.

"இப்போன்னு நீங்க சொல்லலையே."

"சொல்லல."

"நான் சரியா போட்டேனா?"

"பேசாத. மறுபடி வேகம் எடு."

போகப்போக உதறல் சிலிர்ப்பாகி, சிலிர்ப்பு முனகலாகி, ஒருமுறை இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தும் ஒன்றுமே வரவில்லை. பிரேக்கைத் தொடாமல் நெடுந்தூரம் ஓட்டி ஆறவிட்டார்கள். திரும்பும் வழியில் மணிக்காரரின் கடைமுன் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டீச்சர் ஷூ அணியாமலே இறங்கிப் போனாள்.

"ஐயா, உங்க டிஸ்க்குல குத்தம் இல்ல. கூடமும் கோணல் இல்ல."

அவர் அவளுடைய வெறுங்கால்களைப் பார்த்தார். "டீ சொல்லட்டுமா டீச்சரம்மா?" என்றார்.

வியாழக்கிழமை தேர்வுத் திடலில் அவள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. அவளுடைய இருக்கையில் தேர்வாளர் ஏறி, கால்களை நீட்டி, தாள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி அவளை விட்டு நகர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் தன் வண்டியைப் பின்னாலிருந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லாத ஒன்று. நெட்டை புதிதாக மாட்டித் தந்த பிரேக் விளக்குகள் முதல் வளைவில் எரிந்து, பின் அணைந்தன. அணைந்தே இருந்தன. வண்டி ஓடும்போது அவை அணைந்திருக்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் கண்ணால் தெரிந்தது.

திடலின் கோடியில், வண்டி தாண்டாமல் நிற்க வேண்டிய வெள்ளைக் கோடு இருந்தது. அங்கேதான் பாப்பா இரண்டு முறையும் தோற்றாள். வண்டி கோட்டை நோக்கிப் போயிற்று. டீச்சர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச தூரம். இன்னும் கொஞ்சம்.

கோட்டுக்கு முன்பே சிவப்பு விளக்குகள் எரிந்தன.

அதன் பிறகுதான் டீச்சரின் வலக்கால் மண்ணை அமுக்கியது. முதன்முறையாக அது பிந்திவிட்டது.